படகு நிழல் விழாத தண்ணீர்

இருதயசாமிக்கு மூலம் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். பின்னே, ஒரு மனுஷன் நாற்காலியைக் கண்டாலே விலகிப் போனால் வேறு என்ன நினைப்பது?

ஒரகடத்தில் பம்பருக்கு பெயின்ட் அடிக்கிற கம்பெனி ஒன்றில் கேன்டீன் டீ கவுண்டர் என் கையில் இருக்கிறது. பத்து மணி டீக்கு மணி அடித்தால் எல்லாரும் ஓடி வந்து இடம் பிடிப்பார்கள். இந்த ஆள் மட்டும் கிளாஸும் கையுமாக ஜன்னலுக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவில் நடந்துகொண்டே குடிப்பார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். ஊரில் இன்னொரு குடும்பம் இருக்கிறது, அந்தக் கவலைதான் என்று பஸ்ஸில் ஒரு கதை. அதை நான் கிளப்பவில்லை. கொஞ்சம் வளர்த்தேன், அவ்வளவுதான்.

உண்மை வேறு. அவர் சங்கு குளிக்கிறவர். தூத்துக்குடிக்கு வடக்கே கடற்கரையில் ஊர். மீசை முளைக்கும் முன்பே தண்ணீருக்குள் போனவர். முகத்தில் கண்ணாடி மாட்டி, இரண்டு காலிலும் துடுப்பு மாதிரித் தகட்டைக் கட்டி, இடுப்பில் வலைப்பை தொங்கவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு தரைக்குப் போவார்கள். மணலில் பாதி புதைந்து கிடக்கிற சங்கைப் பொறுக்கிப் பையில் போட்டு மேலே வருவார்கள். அப்படியே கால் நூற்றாண்டு ஓடியிருக்கிறது. ஒரு சீசனில் இடது காதில் ஜவ்வு கிழிந்தது. ஆறிய பிறகு மறுபடி இறங்கினார், மறுபடி கிழிந்தது. இனி இறங்கினால் நேராக நிற்கவே முடியாது, சுவரைப் பிடித்துத்தான் நடப்பீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னதை அவர் கேட்கவில்லை. லிடியா கேட்டாள்.

லிடியா அவர் மனைவி. அவளுடைய சித்தி மகள் இங்கே ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வார்டன். அந்த ஹாஸ்டல் சமையல்கட்டில் ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு புருஷனையும் இழுத்து வந்துவிட்டாள். கடலிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டிருப்பாள் போலிருக்கிறது. இங்கே ஏரி உண்டு. கடல் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும்.

கம்பெனியில் அவரை இன்ஸ்பெக்ஷனில் போட்டார்கள். பெயின்ட் காய்ந்த பம்பர்கள் மேலே தொங்கிக்கொண்டு வரிசையாக நகர்ந்து வரும். தலைக்கு மேலே டியூப்லைட், பக்கத்தில் டியூப்லைட், தரைக்கும் பளபளவென்று வெள்ளைப் பெயின்ட். தரை வெள்ளையாக இருந்தால்தான் வெளிச்சம் கீழேயிருந்து எழும்பி பம்பரின் அடிப்பக்கத்தையும் காட்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே லைன் சூப்பர்வைசர் கோமதிநாயகத்திடம் அவர் சொன்னாராம்:

"இது மணல் தரை சார். சங்கோட அடிவயிறுகூட மினுங்கும்."

கோமதிநாயகம் அம்பாசமுத்திரத்துக்காரர். "வே, இங்க சங்கு ஊதுறதுக்கு வரல. தூசி பாக்க வந்திருக்கீரு" என்றாராம்.

சங்கு போனாலும் பேச்சு போகவில்லை. டீ நேரத்தில் யார் அகப்பட்டாலும் கடல் தரையைப் பற்றித்தான். ஒருநாள் என் கவுண்டரிலேயே பாடம் நடத்தினார். பால் விடாத டீ ஒரு கிளாஸ் வாங்கினார். அதைக் கறுப்பு கிரானைட் மேல் வைத்தார்.

"எப்பிடி இருக்கு அண்ணாச்சி?"

"கருப்பா கீது. டீ வேற எப்பிடி இருக்கும்?"

கிளாஸைத் தூக்கி, அடியில் வெள்ளைக் காகிதத்தை வைத்தார். டீ தேன் மாதிரி பளிச்சென்று ஆனது.

"டீ மாறிச்சா? தரைதான மாறிச்சு. கடலும் அப்பிடித்தான். கீழ வெள்ள மணல் கெடந்தா வெயில் எறங்கிப் போயி, மோதி, திரும்பி மேல வரும். பச்ச வெளுப்பாத் தெரியும். கீழ தாழை கெடந்தா வெயில முழுங்கிரும்."

"தாழைன்னா?"

"கடல்புல்லு. வயல் கணக்கா நிக்கும். மேலருந்து பாத்தா கருப்பா, ஏதோ பெரிய ஆழம்போல இருக்கும். புதுசா வாரவன் பயந்துருவான். உள்ள போயிப் பாரும், கண்ணாடி கணக்காத் தண்ணி. புல்லு வேர வச்சு சேத்தப் புடிச்சுக்கிடும்லா, அலையையும் அடக்கிரும். தூசி எழும்பாது."

"அப்போ சேறு?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்த மாதிரி, என் பால் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து கிளாஸில் ஊற்றினார். கேட்காமல்.

"இப்பத் தெரியுதா காகிதம்? மணலு கலங்குனா கொஞ்ச நேரத்துல கீழ போயிரும். சேறு அப்பிடி இல்ல. மாவு கணக்கா மெதந்துக்கிட்டே கெடக்கும். வெயில் அந்த மாவுலயே மோதித் திரும்பிரும், தரைக்கே போகாது."

"பாலுக்கு யாரு துட்டு தருவா சாமி?"

அதற்கு மட்டும் பதில் வரவில்லை. இடது பக்கமாக நின்று கேட்டுவிட்டேன்.

அவர் போட்ட தகடும் கண்ணாடியும் படகும் இப்போது லிடியாவின் தம்பி ஃபிரடியிடம் இருக்கின்றன. ஃபிரடிக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தினமும் பத்து மணி டீக்கு அவனிடமிருந்து வீடியோ கால் வரும். எங்கள் கம்பெனியில் லைனுக்குப் போனைக் கொண்டு போக முடியாது. கேன்டீன் வாசலில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. எல்லார் போனும் அதற்குள் தூங்கும். டீக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் செக்யூரிட்டி திறப்பார், மணி அடித்ததும் பூட்டி சாவியைப் பெல்ட்டில் மாட்டிக்கொள்வார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஃபிரடி படகின் ஓரத்தில் குனிந்து தண்ணீரைக் காட்டுவான். இவர் இங்கே ஒரகடத்தில் நின்றுகொண்டு, மணல், புல், பாறை என்று சொல்வார். இங்கே குதி, அங்கே குதிக்காதே என்பார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கர்தான். எனக்கு வசதி.

சொல்லி முடித்ததும் அரை நாளைக்கு மனிதர் கொஞ்சம் அடங்குவார். சாயங்காலம் மறுபடி கால் நிலைகொள்ளாது. எத்தனை சங்கு கிடைத்தது என்று கேட்டு லிடியாவைப் பிடுங்குவாராம்.

இனி நான் சொல்ல வருவது ஃபிரடிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்திருந்த சமயம். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் திருமணம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் சாமியார் அறிவிப்பார். அப்படி மூன்று முறை. மூன்றாவது ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கும் கால் வந்தது.

"அத்தான், தெரியுதா?"

"போன நேராப் புடி மாப்ள. கொடி கணக்கா ஆட்டாத."

"படகு ஆடுது. நான் என்ன செய்ய?"

நான் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க வெளுத்த பச்சை. வெயில் அதில் கூசியது.

"பளபளன்னு கீது சாமி."

"மணலு அண்ணாச்சி. சுத்தமான வெள்ள மணலு. மூணு பாகம் ஆழம்தான் இருக்கும்." பாகம் என்றால் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். "மாப்ள, அங்கயே குதி."

"நெசமாவா? போன வருசம் இங்கன புல்லுல்லா கெடந்தது."

"புல்லுன்னா கருப்பாத் தெரியும்ல. நீ பாத்த எடம் இன்னும் தெக்க இருக்கும். நான் சொல்லுதேன்ல."

ஃபிரடி ஏதோ யோசித்தான். பிறகு, "சரி. இன்னைக்கி நீங்க சொல்லுதத கேக்கேன்" என்றான்.

மணி அடித்தது. போன் பெட்டிக்குப் போனது. பெட்டி பூட்டப்பட்டது. இருதயசாமி லைனுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நடந்ததை லைனில் இருந்தவர்கள் சொன்னார்கள், அவரும் சொன்னார். பம்பர்கள் வந்துகொண்டிருந்தன. தரை பெருக்குகிற அம்மா ஒருத்தி குப்பை டிராலியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். வெள்ளைத் தரையில் டிராலிக்கு அடியில் அதன் நிழலும் கூடவே போனது. இவர் பம்பரை விட்டுவிட்டு அதையே பார்த்தார். அந்த அம்மா, "இன்னாய்யா பாக்குற?" என்று கேட்டாளாம்.

அவர் பார்த்தது படகை. பத்து மணி வெயிலில், மூன்று பாக ஆழத்தில், கீழே வெள்ளை மணல் என்றால் படகின் நிழல் தரையில் பெரிய மீன் மாதிரி படுத்திருக்க வேண்டும். அலைக்குத் தகுந்த மாதிரி வெயிலின் வரிகள் மணல் மேல் நெளிந்துகொண்டிருக்க வேண்டும். ஃபிரடி படகின் ஓரத்திலிருந்துதான் காட்டினான். நிழலும் இல்லை, வரியும் இல்லை. வெறும் வெளிச்சம். அப்படியென்றால் அந்த வெளிச்சம் தரையிலிருந்து வரவில்லை. தண்ணீருக்குள்ளேயே மிதக்கிற சேற்றில் மோதித் திரும்பியிருக்கிறது.

பையன் சொன்னதுதான் சரி. அது புல் கிடந்த இடம். இப்போது புல் இல்லை. பெரிய போட்டுகள் தரையைத் தேய்த்து வலை இழுத்துப் போயிருக்கின்றன. புல் வேரோடு போனது, சேறு அவிழ்ந்துகொண்டது. அப்படி இழுக்கிற இடத்தில் வலை பாறையில் சிக்கி அறுந்து, துண்டு துண்டாகக் கிடக்கும். கண் தெரிந்தால் ஒதுங்கிப் போகலாம். அந்தத் தண்ணீரில் கண் தெரியாது.

லைனில் ஒருவர் நகர வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் போக வேண்டும். இருதயசாமி கையைத் தூக்கவில்லை. தொப்பி, கையுறையோடு ஓடி வந்து என் கவுண்டரில் மோதி நின்றார்.

"அண்ணாச்சி, போன் குடுங்க."

"இன்னா ஆச்சு? யாருக்கு?"

"குடுங்க முதல்ல."

செக்யூரிட்டியைத் தேடிப் பெட்டியைத் திறக்க நேரமில்லை. ஃபிரடி நம்பர் அவருக்கு மனப்பாடம் இல்லை. லிடியா நம்பர் மட்டும் தெரியும். கையுறை போட்ட விரலால் அமுக்கினால் போன் கேட்கவில்லை. நான்தான் அமுக்கிக் கொடுத்தேன். ஸ்பீக்கரையும் நானே போட்டேன்.

"லிடியா, ஃபிரடிக்கு போன் போடு. தண்ணிக்குள்ள எறங்காதன்னு சொல்லு."

"யாரு நம்பரு இது? நீங்க ஷிப்டுல இல்லையா?"

"மணல்னு சொல்லிட்டேன் அவன்கிட்ட. அது மணல் இல்ல. சேறு. குதின்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு லிடியா சிரித்தாள். நல்லா வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதுக்கா இந்த ஓட்டம். அவன் குதிச்சிருக்க மாட்டான். போயி வேலயப் பாருங்க."

"நீ எப்பிடிச் சொல்லுத?"

"அவன் என்னைக்கி நீங்க சொன்ன எடத்துல குதிச்சிருக்கான்?"

இருதயசாமி போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தப்பான நம்பருக்குப் போட்டுவிட்டோமோ என்கிற மாதிரி.

"என்ன சொல்லுத?"

"பின்ன என்னங்க. ஒரகடத்துல இருந்துக்கிட்டு போன்ல பாத்துச் சொன்னா அவன் குதிப்பானா? நீங்க ஊருக்கு ஓடிருவீங்களோன்னு நாந்தான் அவன்ட்ட சொல்லி வச்சேன். தெனம் ஒரு தடவ தண்ணியக் காட்டு, ரெண்டு வார்த்த கேளு, அந்த மனுசன் மனசு அடங்கிக் கெடக்கட்டும்னு. காட்டுத எடம் ஒண்ணு, அவன் குதிக்க எடம் வேற ஒண்ணு. அவனுக்கு அவன் தொழில் தெரியும்."

நான் அடுப்பைக் குறைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. இப்படி ஒரு சங்கதி என் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் மூன்று ஷிப்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு என்னவோ, காது இல்லாதவனாகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த மனுஷன் கோபப்படவில்லை.

"சரி. குதிக்கலன்னா நல்லதுதான்" என்றார். "ஆனா லிடியா, இன்னைக்கி அவன் ஒண்ணு சொன்னான். இன்னைக்கி நீங்க சொல்லுதத கேக்கேன்னான்."

குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"லிடியா."

"நேத்து அழுதான்ங்க" என்றாள். குரல் மாறிவிட்டது. "ஒரு வாரமா ஒண்ணும் அம்புடல, தண்ணி எங்கயும் தெளியலன்னு. எனக்கு எரிச்சல் வந்துது. அத்தான் சொல்லுதத ஒருநாளு கேட்டுத்தான் பாரேம்லன்னு சொல்லிட்டேன்."

"போனப் போடு."

வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். ஃபிரடி எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. கூடப் போய்ப் படகு ஓட்டுகிறவர் ஒருவர் உண்டு. ஆனால் அடுத்தவன் போனைத் தொட்டால் திட்டு விழும் என்று நினைக்கிற ஆள், தொட மாட்டார்.

அதற்குள் கோமதிநாயகம் கேன்டீனுக்குள் நுழைந்தார்.

"நல்லா இருக்குவே. லைன அப்பிடியே போட்டுட்டு இங்க வந்து ஊரோட பேசிட்டு நிக்கீரு. பம்பரு பாட்டுக்குப் போவுது. ஒண்ணுல பெயின்ட் ஒழுகி மூக்குச்சளி கணக்கா நிக்கி. அது பேக்கிங்குக்கே போயிட்டு."

இருதயசாமி அவரைப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார். ஜன்னல், தொட்டி, ஜன்னல், தொட்டி. தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.

"சார், அவரு மச்சான் கடலுக்குள்ள கீறான்" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். சுருக்கமாகத்தான். லிடியா சொன்னதை விட்டுவிட்டேன்.

கோமதிநாயகம் கொஞ்சம் இறங்கினார். "எனக்குக் கடலும் தெரியாது ஒண்ணும் தெரியாது. ஆத்துல குளிச்சவன் நான். ஏன் இருதயம், மூச்சடக்கி உள்ள போனா எவ்வளவு நேரம் இருப்பான்?"

"ஒண்ணர நிமிசம். ரொம்ப முடிஞ்சா ரெண்டு."

கோமதிநாயகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். டீ முடிந்து அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது.

"நான் லைனப் பாத்துக்கிடுதேன்" என்றார் கோமதிநாயகம். "ஆனா எழுதாம விட முடியாதுவே. மேல கேப்பான்." வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். "தகவல் வந்தா எனக்கும் சொல்லி விடும்."

லிடியா ஹாஸ்டலில் சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள். இவரை வெளியே விடமாட்டார்கள். செக்யூரிட்டிகளுக்கு டீ கொண்டு போகிற நேரம் அதுவல்ல, ஆனாலும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் இவர். முந்தானையில் மஞ்சள் கறை. கையில் போன்.

"அடிக்கி. எடுக்க மாட்டேங்கான்."

"திரும்பப் போடு."

"போட்டுக்கிட்டேதான இருக்கேன்."

"அடிக்குதுன்னா போன் படகுல இருக்கு. போன் மேல இருக்குன்னா அவன் கீழ இருக்கான்."

"வாய மூடுங்க."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் நடந்தார். அவளும் அந்தப் பக்கம் அவருக்கு இணையாக நடந்தாள். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். செக்யூரிட்டி என்னிடம், "இன்னா, டைவர்ஸா?" என்று ரகசியமாகக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நான் பதில் சொல்லாததே அவருக்குப் பெரிய அதிர்ச்சி.

"என் வாயாலதான் லிடியா" என்றார் அவர். "அந்தப் பய ஒழுங்கா, புல்லு கெடந்த எடம்னு சொன்னான். நாந்தான், இல்லன்னேன்."

"என் வாயாலயுந்தான்" என்றாள் அவள்.

போன் அடித்தது.

ஸ்பீக்கரில் முதலில் காற்று. பிறகு எஞ்சின் சத்தம். பிறகு ஃபிரடி.

"என்னக்கா இத்தன கால் போட்டிருக்க? யாரும் செத்துட்டாங்களா?"

லிடியா கம்பியில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். இருதயசாமிதான் கம்பிக்கு நடுவே வாயை வைத்துக் கேட்டார்.

"மாப்ள, குதிச்சியா?"

"அத்தானா? நல்லதாப் போச்சு. உங்களத்தான் ரெண்டு வார்த்த ஏசணும்னு நெனச்சேன். குதிச்சேன். நீங்க சொன்ன எடத்துலதான் குதிச்சேன்."

"அப்புறம்?"

"ஒரு பாகம் போறதுக்குள்ள கண்ணு போயிட்டு. இருட்டுன்னா பழகிரும். இது இருட்டு இல்ல. சுத்தியும் வெளிச்சம். மேலயும் வெளிச்சம், கீழயும் வெளிச்சம். பால் சட்டிக்குள்ள விழுந்த ஈ கணக்கா ஆயிட்டேன். எது மேல எது கீழன்னு புரியல. கைய நீட்டுனா சேறு. முழங்கை வரைக்கும் உள்ள போவுது. ஒரு புல்லு இல்ல அத்தான் அங்கன. போன வருசம் நானே பாத்த புல்லு, ஒரு துண்டு இல்ல."

"வலை?"

"இருந்துச்சு. திரும்பி ஒதைக்கேன், வலது கால் தகடு மாட்டிக்கிடுச்சு. இழுக்க இழுக்க இறுகுது. குனிஞ்சு கயித்த அவுத்து தகட்டக் கழத்தி விட்டுட்டு, மூக்குல இருந்து குமிழி போற பக்கம் பாத்து வந்தேன். உங்க தகடுதான் அது. அங்கதான் கெடக்கு. வந்து ரொம்ப நேரம் படகுல மல்லாக்கக் கெடந்தேன். போன் அடிச்சது கேட்டுச்சு, கைதான் வரல."

லிடியா கம்பியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மூணாவது ஓலைக்கு மாப்பிள வேண்டாமால? அறிவு இருக்கால உனக்கு? புல்லு கெடந்த எடம்னு தெரியுதுல்ல, எதுக்குல குதிச்ச?"

"நீதானக்கா சொன்ன."

செக்யூரிட்டி டீயை உறிஞ்சினார். இருதயசாமி கேட் கம்பியை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார். கையுறையில் துரு ஒட்டியிருந்தது.

"கரைக்குப் போ மாப்ள" என்றார். "இன்னைக்கி போதும்."

"அதான் போயிட்டிருக்கேன்" என்றான் ஃபிரடி.

கோமதிநாயகம் எழுதாமல் விடவில்லை. இரண்டு நாள் வேலையில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் அவர் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்ததாகக் கேள்வி. ஒருமுறை தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் பக்கத்தில் வரும்வரை நின்றுவிட்டு இறங்கியதாகவும் கேள்வி. இதைச் சொன்னவன் கொஞ்சம் பொய் பேசுகிறவன்.

மூன்றாம் நாள் வேலைக்கு வந்தார். பத்து மணிக்கு டீ வாங்கினார். பெட்டியிலிருந்து போனை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். அது அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஜன்னல் வரைக்கும் போய் வந்தார். அது நின்றது, மறுபடி அதிர்ந்தது.

"எடு சாமி. பையன் கூப்புடுறான்."

"சும்மா கூப்புடுதான் அண்ணாச்சி. என்ன அடக்கி வைக்க."

"சொம்மாவோ இன்னாவோ. எடு, கவுண்டர் ஆடுது."

எடுத்தார். திரையில் தண்ணீர். அன்றைக்கு வெளுப்பும் இல்லை, கருப்பும் இல்லை, ஈயப் பாத்திரம் மாதிரி ஒரு நிறம்.

"அத்தான், இங்க எப்பிடி?"

"படகு நிழல் எங்க?"

"வெயில் இல்ல அத்தான். மேகம் போட்டிருக்கு."

இருதயசாமி திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். டீ கையிலேயே ஆறியது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மணல் என்று சொல்லப் போகிறார், இல்லை புல் என்று சொல்லப் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"எனக்குத் தெரியல மாப்ள" என்றார்.

ஃபிரடிக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. "என்ன அத்தான்?"

"தெரியலன்னேன். கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. ஈயக் கட்டியக் கயித்துல கட்டி எறக்கு. அடியில மெழுகு தடவி எறக்கு. என்ன ஒட்டிட்டு வருதுன்னு பாத்துச் சொல்லு."

"வேற எடத்துக்குப் போயிருதேனே. அது எதுக்கு?"

"எறக்குல. நான் நிக்கேன்."

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து போனார்கள். செக்யூரிட்டி பெட்டி முன்னால் வந்து சாவியை ஆட்டினார். கோமதிநாயகம் வாசலில் தலையை நீட்டி, "இருதயம், மறுபடியும் எழுத வைக்காதீரும்" என்றார். இவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டினார், லைனில் மாற்று ஆளுக்குக் காட்டுகிற மாதிரி. கோமதிநாயகம் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போய் ஒருத்தரை நிறுத்தினார்.

போனில் கயிறு ஓடுகிற சத்தம். நின்றது. இழுக்கிற சத்தம்.

"அத்தான்."

"சொல்லு."

"கருப்பா ஒட்டிருக்கு. மாவு கணக்கா இருக்கு."

"மணல் ஒண்ணும் இல்லையா? நெருடிப் பாரு."

"இல்ல. வழுவழுன்னு இருக்கு."

"குதிக்காத."

"குதிக்கல. அடுத்த எடத்துலயும் எறக்கிப் பாக்கேன். பாத்துட்டு சொல்லட்டா?"

"ஒரு மணிக்குத்தான் எனக்கு பெட்டி தெறக்கும்."

"அதுவரைக்கும் எறங்கல."

இருதயசாமி போனைப் பெட்டிக்குள் வைத்தார். செக்யூரிட்டி பூட்டினார். லைனுக்குப் போகிற வழியில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மணி என்ன அண்ணாச்சி?"

"பத்து இருவத்தஞ்சு."

"ஒரு மணிக்கு இன்னும் எம்புட்டு நேரம் கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார்.